ஊதியம் மறைபொருளா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

ஆணிடம் சம்பளத்தைக் கேட்காதே, பெண்ணிடம் வயதைக் கேட்காதே என்று ஒரு சொல் நம்மிடையே வழங்குகிறது. இதை முதலில் சொன்னவர் யாரோ அறியேன். அவர் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஒரு நாளும் பயணம் செய்ததில்லை என்பது மட்டும் உறுதி. அந்தப் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்த மகிழ்ச்சியில் நான் அமர்ந்த பத்தாம் நிமிடத்தில், பக்கத்திலிருக்கும் பெரியவர் என் ஊரைக் கேட்பார், தந்தையின் தொழிலைக் கேட்பார், அக்காள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று அறிந்ததும், "என்னா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டே விடுவார். பெண் பார்க்க வருவோர் கேட்கின்றனர். வாடகைக்கு வீடு விடுவோர் கேட்கின்றனர். வங்கியிலோ தாளில் எழுதியே வாங்கிக் கொள்கின்றனர். நாடே கேட்கும் இந்தக் கேள்வியை ஒரே ஓர் இடத்தில் மட்டும் கேட்கக் கூடாதாம். அந்த இடம், சம்பளத்தைத் தருகின்ற அலுவலகம்! பக்கத்து நாற்காலியில் அமர்ந்து அதே வேலையைச் செய்கின்றவரிடம் மட்டும் கேட்கக் கூடாதாம். கேட்டால் குற்றம், சொன்னால் அதைவிடப் பெருங்குற்றம்.

நம்மில் பலர் இன்னும் சில திங்களில் அப்படிப்பட்ட அலுவலகங்களுக்குள் நுழையப் போகிறோம். ஆகவே இதைப் பற்றி நான்கு வார்த்தை இம்மலரில் பேசிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் எங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். என் தந்தை மாமல்லபுரத்தில் ஒரு கற்சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறார். ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில் உளியோசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இப்போதெல்லாம் உளியோசையைக் காட்டிலும் கல் அறுக்கும் மெஷினின் ஓசையே பெரிது. சனிக்கிழமை மாலையில் அங்கே கூலிப் பட்டுவாடா. முதலாளி நோட்டைத் திறந்து பெயரைப் படிப்பார். எத்தனை நாள் வேலை என்று படிப்பார். தொகையைச் சொல்லி எல்லார் முன்னிலையிலும் எண்ணிக் கொடுப்பார். கல் புரட்டுகிறவருக்கு எவ்வளவு, மெருகு போடுகிறவருக்கு எவ்வளவு, முகவேலை செய்கிறவருக்கு எவ்வளவு என்பது பட்டறையில் டீ கொண்டு வரும் பையனுக்குக்கூடத் தெரியும். என் தந்தைக்கு நாள் ஒன்றுக்கு 1,100 ரூபாய். சிலையின் முகத்தை முடிக்கின்ற மூத்தவருக்கு 1,600 ரூபாய். இதில் உங்களுக்கு மனத்தாங்கல் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரு கண்ணு தொறக்கறாரு. நான் இன்னும் துணி மடிப்புலதான் இருக்கேன். அதுல என்னா இருக்கு?" என்றார். சற்று நேரம் கழித்து அவரே, "ஆனா பக்கத்துல குந்தி அதே மடிப்பு வேலை செய்யறவனுக்கு அம்பது ரூபா கூட்டுனாரு. அன்னிக்கே கேட்டேன். அடுத்த சனிக்கிழமை எனக்கும் கூட்டிக் குடுத்தாரு" என்றார்.

பட்டறையை ஒரு பொற்காலமாக்கிக் காட்ட நான் முயலவில்லை. அங்கே வருங்கால வைப்பு நிதி இல்லை. சம்பளத்தோடு விடுப்பு இல்லை. கல்தூள் நாள்தோறும் நெஞ்சில் இறங்குகிறது. ஆனால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தைக்கு ஓர் உரிமை இருந்தது. தமக்கு ஏன் ஐம்பது ரூபாய் குறைகிறது என்று கேட்கும் உரிமை. அந்த உரிமை அவருக்கு எந்தச் சட்டத்தாலும் வந்ததன்று. எல்லார் காதிலும் விழும்படி கணக்குப் படித்ததால் வந்தது.

இனி என் அக்காளின் கதை. அவள் நம் கல்லூரியிலேயே கணினி அறிவியல் படித்து 2021இல் பட்டம் பெற்றவள். அதே ஆண்டு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாக நாள்தோறும் போய்வந்தாள். (கேளம்பாக்கத்தின் அருகே உப்பளங்கள் உள்ளன. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கொடுத்ததால்தான் 'சம்பளம்' என்று பெயர் வந்தது என்பார்கள். சொல்லாராய்ச்சி செய்யும் நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ!) முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கினாள், அப்பாவுக்குத் தூசி படியாத முகமூடி வாங்கினாள். அப்பா அதை இரண்டு நாள் போட்டுவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார் என்பது வேறு கதை.

மூன்றாண்டு கழிந்தது. அவளோடு ஒரே நாளில் சேர்ந்து, ஒரே பிரிவில், ஒரே வரிசையில் அமர்ந்து வேலை செய்த ஒரு நண்பர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. கணக்கில் கெட்டிக்காரி என்று அவளிடம் உதவி கேட்டார். விண்ணப்பத்தோடு அவருடைய சம்பளச் சீட்டும் இணைந்திருந்தது. அவள் வாங்குவதைக் காட்டிலும் மாதம் 3,400 ரூபாய் கூடுதல்! சேர்ந்த நாள் ஒன்று, வேலை ஒன்று, ஆண்டுதோறும் தரும் மதிப்பீட்டில் இவளுக்கே ஒரு படி உயர்வு. பின் ஏன் இந்த வேறுபாடு? அந்த நண்பர் நல்லவர். ஒளிக்காமல் சொன்னார். நேர்காணலின் முடிவில், "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்கள் அல்லவா, அப்போது அவர் ஒரு தொகையைச் சொன்னாராம். அந்தத் தொகையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர், வேறொரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த அவருடைய அத்தை மகன். அதே கேள்விக்கு என் அக்காள் சொன்ன விடை என்ன தெரியுமா?

"நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க சார்."

அவர்கள் பார்த்துத்தான் போட்டார்கள். மாதம் 3,400 வீதம் 36 மாதத்துக்கு 1,22,400 ரூபாய். பொருளியல் மாணவன் என்ற முறையில் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு உயர்வு விழுக்காட்டில்தான் வருகிறது. அடித்தொகை குறைவாக இருந்தால் உயர்வும் குறைவு. ஆகவே இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலும். வேறு நிறுவனத்துக்குப் போனாலோ, பழைய சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்கிறார்கள். முதல் நாளில் தெரியாமல் சொன்ன ஒரு வாக்கியம் அவளோடு கூடவே பயணம் செய்கிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் பழைய சம்பளத்தைக் கேட்பதையே சட்டத்தால் தடுத்திருப்பதன் காரணம் இதுதான்.

அக்காள் மேலாளரிடம் போய் நின்றாள். "ஏன் குறைவு?" என்ற அவளுடைய கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. "உனக்கு யார் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டார். வேலைக்கான கடிதத்தில் ஊதியம் இரகசியம் என்று ஒரு பத்தி இருப்பதையும், அதில் அவள் கையெழுத்து இருப்பதையும் நினைவூட்டினார். சொன்னவர் பெயரை அவள் சொல்லவில்லை. சம்பளமும் உயரவில்லை. அந்த நண்பர் சில மாதம் அவளோடு பேசவே அஞ்சினார். ஓராண்டு பொறுத்து வேறிடம் போனாள். அன்றிரவு நான், "நீ முன்னாடியே விசாரிச்சிருக்கலாமே அக்கா?" என்று பெரிய மனிதன்போல் கேட்டேன். "யார்கிட்டடா விசாரிப்பேன்? நம்ம சொந்தத்துல யாரு ஆபீஸ் படியேறியிருக்காங்க?" என்றாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

நண்பர்களே, நான் சொல்ல வந்ததே இதுதான். ஊதிய இரகசியம் எல்லாரையும் ஒரே அளவில் வாட்டுவதில்லை. அத்தை மகன் உள்ளவர்களுக்கு அது இரகசியமே அன்று. வீட்டில் நான்கு பொறியாளர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு எந்த நிறுவனம் எவ்வளவு தரும், எதில் பேரம் பேசலாம், எதில் பேசக் கூடாது என்பதெல்லாம் சாப்பாட்டு வேளையிலேயே தெரிந்துவிடும். கல்லுடைப்போர், மீன் பிடிப்போர், வயலில் நடவு நடுவோர் ஆகியோரின் பிள்ளைகளாகிய நமக்கு மட்டுமே அது இரும்புக் கதவு.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு செய்தி நாடெங்கும் அடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சிறுசேரி சிப்காட் பூங்காவில் பெரிய வளாகம் வைத்திருக்கும் காக்னிசன்ட் நிறுவனம் புதிய பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் ரூபாய் தருவதாக ஓர் அறிவிப்பு இணையத்தில் பரவியது. மாதத்துக்கு 21,000. சமூக ஊடகங்களில் ஏளனம் பெருகிற்று, கேலிப்படங்கள் வந்தன, மென்பொருள் தொழிலில் இருப்போர் தத்தம் சம்பளத்தை எழுதி ஒப்பிட்டுக் காட்டினர். நிறுவனம் ஒரு விளக்கம் அளித்தது. பொறியியல் பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை தருகிறோம், இந்த 2.52 லட்சம் பொறியியல் அல்லாத மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே; அவர்களுடைய பயிற்சிக்கும் நாங்கள் பெருந்தொகை செலவிடுகிறோம் என்றது. அந்த விளக்கத்தைப் படித்துப் பொறியியல் மாணவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கலாம். எனக்குச் சுருக்கென்றது. மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்கள் யார்? நாம்தானே!

அந்தத் தொகை நியாயமா, அநியாயமா என்பது தனி வழக்கு. பயிற்சி தருகிறோம் என்ற வாதத்திலும் ஓரளவு பொருள் உண்டு என்றே எண்ணுகிறேன். நான் கருதுவது வேறு. அந்த அறிவிப்பு வெளியே வந்ததால்தான் ஒரு நிறுவனம் நாட்டுக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தது. நம் பட்டத்துக்கு என்ன விலை, அவர்கள் பட்டத்துக்கு என்ன விலை என்பது அன்றுதான் நம்மில் பலருக்கு முதன்முதலாகத் தெரிந்தது. கிளாஸ்டோர், அம்பிஷன்பாக்ஸ் போன்ற தளங்களில் இந்தத் தொழிலில் இருப்போர் பெயர் குறிப்பிடாமல் தம் ஊதியத்தை எழுதி வைக்கின்றனர். 2015இல் கூகுள் நிறுவனத்தில் எரிக்கா பேக்கர் என்ற பெண்மணி ஒரு விரிதாளைத் தொடங்கித் தம் ஊதியத்தை அதில் எழுதினார். உடன் வேலை செய்தோர் பலரும் தங்கள் ஊதியத்தைத் தாங்களாகவே எழுதிச் சேர்த்தனர். யாரும் கதவை உடைக்கவில்லை. உள்ளேயிருந்தவர்களே சாவியை வெளியே வைத்தார்கள்.

ஊதியத்தை வெளிப்படையாகச் சொல்வது மேல்நாட்டாரிடமிருந்து வந்த புதுமோகம் என்று யாரேனும் நினைத்தால், அவர்களைத் திருமுக்கூடலுக்கு அழைக்கிறேன். இங்கிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் இருக்கிறது அவ்வூர். சென்ற ஆண்டு வரலாற்றுத் துறை நண்பர்கள் களப்பயணம் சென்றபோது நானும் ஒட்டிக்கொண்டேன். (ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆகவே குளிக்கலாம் என்ற என் நோக்கம் நிறைவேறவில்லை.) அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அம்மன்னன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலை ஆகியவை நடந்ததை அக்கல்வெட்டு சொல்கிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொண்டு வந்து மருந்து காய்ச்சுவோர், நோயாளியைப் பேணும் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் இன்னின்ன அளவு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விடுதி மாணவர்களின் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் வரை கணக்கு உண்டு. நம் விடுதி நண்பர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டாம்!

தஞ்சைப் பெரிய கோயிலிலும் அப்படியே. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருவர் பெயரும் எந்தத் தெருவில் எத்தனையாம் வீடு என்பதும் கல்லில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். இராசராசன் தொழிலாளரின் உரிமைக்காக இதை வெட்டினான் என்று நான் கதை கட்டமாட்டேன். வைத்த அறக்கட்டளையைப் பின்னால் வருவோர் விழுங்கிவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். எந்தக் காரணமாயினும் ஆகுக. திருமுக்கூடலில் அறுவை மருத்துவர் அந்தச் சுவரைக் கடந்து போகும்போதெல்லாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தம்மைப் போல மூன்று மடங்கு நெல் என்பதைக் கண்டிருப்பார். ஏன் என்று கேட்டாரோ, கேட்கவில்லையோ! கேட்பதற்கு வேண்டிய செய்தி மட்டும் அவர் கண்ணெதிரே இருந்தது.

ஆயிரமாண்டு போகட்டும். இன்றைக்கும் நம் கல்லூரிக்குள் ஊதியம் மறைபொருள் அன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒவ்வோர் அரசு அலுவலகமும் தன் அலுவலர், ஊழியர் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று கூறுகிறது. யாரும் மனுப்போட வேண்டியதில்லை. நம் பேராசிரியப் பெருமக்களின் ஊதிய விகிதம் அரசாணையில் அச்சாகிறது. அதனால் அவர்களுடைய மதிப்பு ஒரு நெல்மணி அளவும் குறைந்துவிடவில்லை. ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் நடத்துகின்ற நிரந்தரப் பேராசிரியருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும் ஊதியத்தில் எவ்வளவு தூரம் என்பது ஊரறிந்தது. கௌரவ விரிவுரையாளர்க்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் சொன்னதும் ஊரறிந்தது. ஊரறிந்தது என்பதனால்தான் அவர்களால் வீதிக்கு வந்து கேட்க முடிகிறது. தெரியாத ஒன்றுக்காக யார் கொடி பிடிக்க முடியும்?

தனியார் துறையிலும் மேல்மாடியில் இரகசியம் கிடையாது என்பதுதான் வேடிக்கை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் தன் இயக்குநர் ஒவ்வொருவருடைய ஊதியமும் ஊழியரின் நடு ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட்டாக வேண்டும். நமக்குப் பக்கத்தில், பரனூர் மகேந்திரா உலக நகரத்தில் வளாகம் வைத்திருக்கிறதே இன்ஃபோசிஸ், அதன் தலைமைச் செயல் அதிகாரி 2024-25இல் பெற்றது 80 கோடி ரூபாய்க்கு மேல். இதை நான் யாரிடமும் உளவறிந்து எழுதவில்லை, அறிக்கையில் இருக்கிறது, செய்தித்தாளில் வந்தது. முதலீடு செய்தவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. உழைப்பைச் செலுத்துகிறவருக்கும் தெரிய வேண்டும் என்று நம் நாட்டில் இன்னும் யாரும் அதே அழுத்தத்தோடு சொல்லவில்லை. அமெரிக்காவில் 1935இலேயே வந்த தொழிலுறவுச் சட்டம், ஊழியர்கள் தம் ஊதியத்தைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வதைப் பாதுகாக்கிறது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், பாகுபாடு உண்டா என்று அறிவதற்காக ஊதியத்தைப் பேசும் ஊழியரை அத்தகைய இரகசியப் பத்தியால் கட்டுப்படுத்த முடியாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஊதிய வெளிப்படைத்தன்மைக்கென்றே ஒரு நெறிமுறை வகுத்தது. நம்மிடம் சம ஊதியச் சட்டம் 1976இலேயே உண்டு; அதன் இடத்தில் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது அதன் உட்கிடை. நல்லது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் வாங்குவது என்ன என்று தெரியாத பெண், தனக்குச் சமமாகத் தரவில்லை என்று எதைக் கொண்டு வழக்காடுவாள்?

லில்லி லெட்பெட்டர் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதை இதற்குச் சான்று. அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் ஆலையில் அவர் பத்தொன்பது ஆண்டு வேலை செய்தார். ஓய்வு நெருங்கும் வேளையில் யாரோ பெயரில்லாமல் ஒரு துண்டுத்தாளை அவருக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அவரும், அதே பொறுப்பில் இருந்த ஆண்களும் வாங்கிய சம்பளம் அதில் இருந்தது. ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவரைக் காட்டிலும் அவருக்குக் குறைவு. வழக்குத் தொடுத்தார். 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புக் கூறிற்று. பாகுபாடு நேர்ந்து 180 நாளுக்குள் புகார் செய்யவில்லையாம்! தெரியாத ஒன்றைப் பற்றி 180 நாளுக்குள் எப்படிப் புகார் செய்வது? 2009 ஜனவரியில் ஒபாமா முதன்முதலாகக் கையெழுத்திட்ட சட்டம், இந்த அம்மையார் பெயரால் அந்த ஓட்டையை அடைத்த சட்டமே. ஆனால் லெட்பெட்டருக்கு அந்தப் பணம் வந்து சேரவில்லை. அந்தத் துண்டுத்தாள் பத்தாண்டு முன்னதாக வந்திருந்தால்!

மறுப்புரைகளும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் போனால் நேர்மையாகாது. சம்பளம் தெரிந்தால் பொறாமை வளரும் என்கிறார்கள். வளரத்தான் செய்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் ஊதியம் ஒரு செய்தித்தாளின் இணையதளத்தில் 2008இல் வெளியானபோது பொருளியல் அறிஞர்கள் நால்வர் ஆராய்ந்தனர். குறைவாக வாங்குவோர் அதைக் கண்டபின் மனநிறைவு குன்றினர். அதிகமாக வாங்குவோருக்கு மகிழ்ச்சி கூடவும் இல்லை. டென்மார்க்கில் 2006இல் ஆண், பெண் ஊதியப் புள்ளியைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தபின் இடைவெளி சுருங்கியது உண்மை. ஆனால் பெண்களின் ஊதியம் பாய்ந்து ஏறியதால் அன்று, ஆண்களின் உயர்வு மெதுவானதால். ஆக, வெளிச்சம் போட்டால் எல்லாருக்கும் சம்பளம் உயரும் என்று நான் ஆசை காட்டவில்லை. என் அக்காள்கூட, "தெரியாம இருந்தப்ப நிம்மதியா இருந்தேன்டா" என்று ஒருநாள் சொன்னாள். அவளுடைய நிம்மதியின் விலை 1,22,400 ரூபாய். அந்த விலையை அவளைக் கேளாமல் வேறொருவர் நிர்ணயித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திறமைக்கு ஏற்ற ஊதியம் தருகிறோம், சந்தை நிலவரப்படி தருகிறோம் என்பது இன்னொரு வாதம். நிறைவுப் போட்டி என்ற பாடத்தை எங்கள் துறையில் முதலாண்டிலேயே நடத்திவிடுவார்கள். வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் அங்காடி நிலவரம் முழுதும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. ஒரு பக்கத்தார்க்கு மட்டுமே செய்தி தெரிந்த சந்தை எப்படிக் கெட்டுப்போகும் என்பதைப் பழைய கார் விற்பனையை உவமையாக்கி 1970இல் எழுதியவர் ஜார்ஜ் அக்கெர்லாஃப். 2001இல் நோபல் பரிசு பெற்றார். மாமல்லபுரம் குப்பத்தில் விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கிறது. வஞ்சிரம் என்ன விலைக்குப் போயிற்று என்பது கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கிறது. அது சந்தை. அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, "வெளியில சொல்லாதீங்க" என்று காதோடு சொல்வதற்குச் சந்தை என்று பெயர் வைப்பது அந்த மீனவப் பெண்களுக்கு இழுக்கு.

மூன்றாவது மறுப்பு மட்டுமே என்னை உண்மையில் தயங்க வைக்கிறது. சொல்பவருக்கு ஆபத்து. அக்காளுக்கு உண்மை சொன்ன நண்பர் பல மாதம் அஞ்சிக் கிடந்ததை முன்னே சொன்னேன். தமிழ்நாட்டில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று அரசு 2016இல் தெளிவாக்கியது. ஆனால் சங்கத்தில் சேர்ந்தவர்களை என் அக்காள் தன் அலுவலகத்தில் பார்த்ததில்லை. தனி ஒருவரைப் பார்த்து, நீ போய் உன் சம்பளத்தை ஊரறியச் சொல் என்று நான் கரையில் நின்றுகொண்டு கூவுவது முறையன்று.

ஆகவே ஒரு சிறு யோசனை. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். அதன் படியை யாவரும் காணும் விரிதாளாக இணையத்திலும் இடுவோம். படித்து முடித்து வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அதில் ஒரு வரி எழுதட்டும். பெயர் வேண்டாம். சேர்ந்த ஆண்டு, படித்த பாடம், என்ன வேலை, எந்தப் பகுதி, கடிதத்தில் சொன்ன தொகை, கையில் வந்த தொகை, இரவு வேலை உண்டா, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா, இத்தனை ஆண்டு விலகக் கூடாது என்று எழுதி வாங்குகிறார்களா, இவை போதும். மென்பொருள் வேலைக்கு மட்டும் என்றில்லை. மறைமலைநகர் ஆலைக்குப் போகிறவரும், கடைகண்ணியில் கணக்கெழுதப் போகிறவரும் எழுதலாம். நூற்றுக்கணக்கானோர் எழுதினால் எந்த வரி எவருடையது என்று யாரும் விரல் நீட்ட முடியாது. முதல்வர் அவர்களும் துறைத்தலைவர்களும் இசைவு தர வேண்டுகிறேன். முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு வரும் அண்ணன்மார்களும் அக்காள்மார்களும் மேடையில் எங்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகும்முன் நூலகத்துக்கும் ஒருமுறை வந்துபோகக் கோருகிறேன். எங்களுக்கு அத்தை மகன் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

கடிதத்தில் சொல்லும் தொகை, கையில் வரும் தொகை என்று இரண்டையும் ஏன் கேட்கிறேன் என்று சிலர் ஐயுறலாம். எனக்கும் போன மாதம் வரை அந்த வேறுபாடு தெரியாது. 'சி.டி.சி.' என்று அவர்கள் சொல்வது நமக்குத் தரும் சம்பளம் அன்று. நம்மை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அவர்கள் நம் பெயரில் கட்டும் வைப்பு நிதிப் பங்கும், ஐந்தாண்டு கழித்து வரக்கூடிய பணிக்கொடையும்கூட அதற்குள் அடக்கம். அதை அக்காள்தான் ஒரு தாளில் வரிவரியாகப் போட்டுக் காட்டினாள்.

எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஊதியம் இரகசியம் என்னும் பத்தி அதிலும் இருக்கிறது. இதை எழுதுகின்ற இன்று நான் அதில் கையெழுத்திடவில்லை. அதற்கு முன்பே குறிப்பேட்டின் முதல் வரியை இங்கே எழுதிவிடுகிறேன். பொருளியல், மூன்றாமாண்டு. தகவல் பதிவு வேலை, பழைய மகாபலிபுரம் சாலை. இரவு வேலை மாதத்தில் இரண்டு வாரம். சான்றிதழ் கேட்கவில்லை. கடிதத்தில் உள்ள தொகை ஆண்டுக்கு 2,28,000 ரூபாய், மாதத்துக்கு 19,000. அதில் நிறுவனம் கட்டும் வைப்பு நிதி 1,140, பணிக்கொடை 457, மருத்துவக் காப்பீட்டுப் பங்கு 548 போக 16,855. அதில் என் வைப்பு நிதி 1,140, என் காப்பீட்டுப் பங்கு 127 போக 15,588. கம்பெனி பஸ்ஸுக்கு 1,200 பிடித்தம். கையில் 14,388.